கனத்த செரிஃப் தலைப்பெழுத்து: ஏ, ஈ, எஸ், ஜி கட்டியாகிறது. கூப்பர் பிளாக்கில் மட்டும் எப்படி ஆகவில்லை?

மைத்தொட்டி

வணக்கம். தலைப்புக்கு மட்டும் பயன்படும் ஓர் ஆங்கில எழுத்துரு வரைகிறேன். கூப்பர் பிளாக் என்ற பழைய எழுத்துருவின் சாயல்: நல்ல கனம், செரிஃப் (கோட்டு முனையில் நீளும் சிறு பாதம்) உண்டு, முனையெல்லாம் மழுங்கல். மென்பொருள் ஃபான்ட்ஃபோர்ஜ், கட்டம் 1000 அலகு. சாதாரண கனத்தில் ஏற்கெனவே வரைந்து வைத்த செரிஃப் ஒன்று இருந்தது. அதை எலிமென்ட் மெனுவில் ஸ்டைல் போய், சேஞ்ச் வெயிட் கொடுத்து, தண்டை, அதாவது நிமிர்ந்த கோட்டின் தடிப்பை, 80 அலகிலிருந்து 195-க்கு ஏற்றினேன்.

பெரிய ஹெச், ஐ, எல் எல்லாம் ஒருவழியாகப் பார்க்க முடிகிறது. சின்ன ஏ, ஈ, எஸ், ஜி நாலும் மை கொட்டியது போல் இருக்கின்றன. ஈ-யின் கண் ஒரு கீறலாகிவிட்டது. கனத்தைக் குறைத்தால் கூப்பர் சாயல் போய்விடுகிறது. எங்கே தப்பு?

இங்கே எல்லோரும் தமிழிலேயே எழுதுவதால் ஆங்கில எழுத்துகளைப் பெயரால் சொல்கிறேன். சின்ன என், பெரிய ஓ, இப்படி.

வளைகோடு

தப்பு மெனுவில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தண்டு 80, வேண்டியது 195. வித்தியாசம் 115, பக்கத்துக்கு 57.5. அந்த 57.5-ஐ மென்பொருள் எல்லாக் கோட்டுக்கும் சமமாகப் பூசுகிறது. 30 அலகாக இருந்த மெல்லிழை (எழுத்தின் மிக மெலிந்த கோடு) 145 ஆகிறது. 25 இருந்த செரிஃப் 140 ஆகிறது. என்-க்குள் 220 இருந்த வெளி 105-க்குச் சுருங்குகிறது. மேலும் கீழும் 57 தள்ளியதால் 480 இருந்த சின்ன எழுத்து உயரம் 595 ஆகிறது.

முதலில் தடிப்புக்கும் மெலிவுக்கும் விகிதம் 2.67. பூசிய பிறகு 1.34. அதாவது உங்கள் செரிஃப் எழுத்து, கால் ஒட்டிய வீங்கின சான்ஸ் (செரிஃப் இல்லாத எழுத்து) ஆகிவிட்டது. ஹெச் தப்பித்ததற்குக் காரணம், அதில் படுக்கைக் கோடு ஒன்றே ஒன்று. ஈ-யில் மூன்று கோடு அடுக்கு, எஸ்-ஸிலும் மூன்று, ஏ-யிலும் மூன்று. அடுக்கு உள்ள இடத்தில்தான் இடம் தீரும்.

பழைய வரைவைத் தூக்கி வையுங்கள். எலும்பு, உயரம், சாய்வு மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக வரையுங்கள். இந்தக் கனத்துக்குக் குறுக்குவழி கிடையாது.

ஈயஎழுத்து

கூப்பர் பிளாக் எப்படித் தப்பித்தது என்று கேட்டதால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பலரும் இதை 70-களின் எழுத்து என்று நினைக்கிறார்கள். சட்டைத் துணியில் இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டிய எழுத்தும், தேய்த்து ஒட்டும் எழுத்துகள் கொண்ட லெட்ராசெட் தாளும் விட்ட நினைவு அது. உண்மையில் 1922. வரைந்தவர் ஆஸ்வால்ட் கூப்பர். சிகாகோவில் ஃபிராங்க் ஹோம் பள்ளியில் படித்தார், அங்கே எழுத்து வரையச் சொல்லிக்கொடுத்தவர் ஃபிரெடரிக் கௌடி. 1904 முதல் ஃபிரெட் பெர்ட்ஷோடு சேர்ந்து விளம்பர வேலை. எழுத்தை வார்த்து விற்றது அதே ஊரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம்.

அதற்கு முன்பே 1919-இல் கூப்பர் ஓல்ட் ஸ்டைல் வந்துவிட்டது. பிளாக் அதிலிருந்து பிறந்தது, ஆனால் பூசி வளர்த்தது இல்லை, கையால் மறுபடி வரைந்தது. கூப்பர் தொழில்முறை விளம்பர எழுத்தாளர், தூரிகையும் மையுமாக வேலை செய்தவர். அதனால் எழுத்தின் உள்ளே விடுகிற வெள்ளையையும் சேர்த்தே வரைந்திருக்கிறார். பெரிய ஓ, க்யூ இரண்டின் உள்வெளியையும் பாருங்கள், இடப்பக்கம் பின்சாய்ந்திருக்கும். ஐ, ஜே தலைப்புள்ளியும் வட்டமில்லை, அதே பக்கம் சாய்ந்த முட்டை. அந்தச் சாய்வால் தடிப்பு இரண்டு மூலையில் குவிகிறது, மற்ற இரண்டு மூலையில் மெலிவுக்கு இடம் கிடைக்கிறது.

விற்பனை எப்படி என்பதற்குப் போட்டியாளர்களே சாட்சி. 1924-இல் லட்லோ நிறுவனம் மிடில்டனை வைத்து லட்லோ பிளாக் இறக்கியது. 1925-இல் லான்ஸ்டன் மோனோடைப் கேட்டு கௌடியே கௌடி ஹெவிஃபேஸ் வரைந்து கொடுத்தார். மாணவன் எழுத்துக்கு வாத்தியார் போட்டி!

கட்டிங்மாஸ்டர்

ஹெவிஃபேஸ் தனி அழகு. ஆனால் போர்டுக்குக் கூப்பர்தான்.

வளைகோடு

ஈயஎழுத்து சொன்ன சாய்வு முக்கியம். மைத்தொட்டிக்கு எண்ணாகவே தருகிறேன். இது கூப்பரை அளந்து எடுத்த கணக்கு இல்லை, இந்த வகை எழுத்துக்கு ஆரம்பிக்க ஏற்ற கணக்கு.

பெரிய எழுத்து உயரம் 700, சின்ன எழுத்து உயரம் 520, கீழ்வால் 180. சின்ன எழுத்து உயரம் வழக்கத்தைவிட அதிகம்தான், அடுக்குக்கு இடம் வேண்டுமே. சின்ன எழுத்துத் தண்டு 195. பெரிய எழுத்துத் தண்டு 215, பத்து விழுக்காடு கூட. வளைவின் மிகத் தடித்த இடம் 205, ஏனென்றால் வளைவு உச்சியில் மட்டும் அந்தத் தடிப்பைத் தொட்டுவிட்டு மெலிகிறது. 195 வைத்தால் ஓ இளைத்துத் தெரியும்.

முதலில் சின்ன என், சின்ன ஓ, பெரிய ஹெச், பெரிய ஓ நாலு மட்டும். நாலும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே சாம்பலாகத் தெரியும்வரை ஐந்தாவது எழுத்தைத் தொடாதீர்கள்.

ஈ-க்கு வாருங்கள். 520 உயரம், வளைவு என்பதால் மேலும் கீழும் 14 மிகை, ஆக 548. மேல்வளைவு 85, நடுக்கோடு 60, கீழ்வளைவு 105. மொத்தம் 250. மீதி 298. கண்ணுக்கு 150, வாய்க்கு 148. தண்டு 195 இருக்கும்போது நடுக்கோடு 60 என்றால் ரொம்ப ஒல்லி என்று பயம் வரும். அச்சிட்டுப் பார்த்தால் தெரியாது. அந்த இடத்தில் கண் கோட்டைப் பார்ப்பதில்லை, கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள வெள்ளையைத்தான் பார்க்கிறது.

எஸ்-ஸில் நடு முதுகு தடிப்பு, 190 வரை போகலாம். மேல் கீழ் வளைவு 80, 95. ஏ-யில் கிண்ணத்தின் மேல்கோடு 55 வரைகூட இறக்கலாம்.

ஜி-யை ஒற்றைமாடியாக, கையெழுத்தில் வருவது போல் கீழே வெறும் வாலோடு போட்டுவிடுங்கள். இரட்டைமாடி ஜி-யில் படுக்கைக் கோடு குறைந்தது நாலு. 180 கீழ்வாலுக்குள் அந்தக் கீழ்வளையத்தை அடைத்தால் கட்டாயம் கட்டிதான்.

மைத்தொட்டி

ஒரு சந்தேகம். என்-னின் வளைவு தண்டிலிருந்து பிரியும் இடம் கறுப்பாகக் கூடுகிறது. ஈ-க்குச் சொன்ன கணக்கு அங்கே வராதே?

வளைகோடு

வரும். பிரிகிற இடத்தில் வளைவின் தடிப்பை 60, 65-க்கு இறக்குங்கள். தோள் தாண்டி வலப்பக்கம் இறங்கும்போது 195-க்கு ஏறட்டும். உள்பக்கக் கவட்டையை உயரமாக, கூராக வெட்டுங்கள். வெளிமுனைகள் மழுங்கலாக இருக்கட்டும், உள்கவட்டை மட்டும் கூர். கூர்மையான வெள்ளை மூலை மையும் பிசிறும் சேர்ந்து தானாக உருண்டுவிடும். நீங்களே உருட்டி வரைந்தால் அச்சில் இரண்டு மடங்கு உருண்டு, குட்டையாகி, கறுப்புத் திட்டு வரும்.

பி, டி, க்யூ, பீ எல்லாவற்றிலும் கிண்ணம் தண்டைச் சேரும் இடம் இதே வைத்தியம்.

மைத்தொட்டி

செரிஃப்?

வளைகோடு

கூப்பரில் செரிஃபும் தண்டும் தனித்தனிப் பொருளில்லை. தண்டு கீழே வரவர விரிந்து, அடிப்பாகம் வெளிநோக்கிப் புடைத்து முடிகிறது. நேரான அடிவிளிம்பே கிடையாது. இதனால் ஒரு வில்லங்கம்: புடைத்த அடி, அடிக்கோட்டை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. சரியாகச் சுழியத்தில் நிறுத்தினால் எழுத்து அந்தரத்தில் மிதக்கும். ஆகவே என், ஹெச் போன்ற நேர்த்தண்டு எழுத்துக்கும் 6 முதல் 8 அலகு கீழே இறக்கவேண்டும். ஓ, ஈ-க்கு 14.

நேர் செரிஃப் வரைந்து பழகியவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். ஓ-வுக்கு மட்டும் மிகை கொடுத்துவிட்டு வரி ஏன் ஆடுகிறது என்று தேடுவார்கள்.

செரிஃப் தண்டிலிருந்து பக்கவாட்டில் 35 அலகு நீட்டினால் போதும். அதற்கு மேல் நீட்டினால் இடைவெளியை இறுக்க முடியாது.

சிஎஸ்எஸ்_சித்தன்

வரைவது பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பயன்படுத்துகிற இடத்தில் நடக்கிற ஒரு தப்பு, தினமும் கண்ணில் படுவது.

கூகுள் ஃபான்ட்ஸில் ஏப்ரில் ஃபேட்ஃபேஸ் இருக்கிறது, டைப்டுகெதர் வரைந்தது. அதில் ஒரே ஒரு கனம். பெயரில் ஃபேட் என்று இருந்தாலும் பதிவு 400, அதாவது ரெகுலர். உலாவியில் முதல்நிலைத் தலைப்புக் குறி இயல்பாகவே போல்டு, 700. 700 கோப்பு இல்லையே, உலாவி என்ன செய்யும்? தானே இன்னொரு பூச்சுப் பூசும். மைத்தொட்டி மெனுவில் செய்த அதே வேலை, பயனர் கணினியில் நடக்கிறது. மெல்லிழையெல்லாம் தடித்து, ஏ-யும் ஈ-யும் அடைந்து, "இந்த ஃபான்ட் நன்றாக இல்லை" என்று பெயர் கெடுகிறது.

தலைப்புக்குக் கனம் 400 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கூடவே போலிக் கனம் போடாதே என்று ஃபான்ட் சிந்தசிஸ் பண்பை நன் என்று வையுங்கள். இரண்டே வரி.

கட்டிங்மாஸ்டர்

அதேதான் கோரலிலும் வேர்டிலும். கூப்பர் பிளாக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே பி பொத்தானையும் அமுக்குகிறார்கள். அந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் போல்டு கிடையாது. வருவது பூச்சு. திரையில் பெரிதாகத் தெரியாது, பிளெக்ஸில் எட்டடி அகலத்துக்கு வந்தபிறகு தெரியும்.

கோரலில் கன்ட்ரோலும் க்யூவும் அழுத்திக் கர்வ்ஸ் (எழுத்தை வெறும் வடிவக் கோடு) ஆக்கும் முன்னால் அந்த பி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கர்வ்ஸ் ஆனபிறகு திரும்ப வழியில்லை.

ஈயஎழுத்து

சித்தன் சொன்னது வேறு சாதி. ஏப்ரில் ஃபேட்ஃபேஸின் பாட்டன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து லண்டன் ஃபேட் ஃபேஸ், லாட்டரிச் சுவரொட்டிக்காக வளர்ந்தது. தண்டு யானைக்கால், மெல்லிழை மயிர். அமெரிக்காவில் அது மறுபடி எழுந்தது 1928-இல் பென்ட்டன் வரைந்த அல்ட்ரா போடோனி, 1929-இல் லைனோடைப்புக்கு கிரிஃபித் செய்த போஸ்டர் போடோனி இரண்டோடும்.

கூப்பரில் மெல்லிழை என்று சொல்ல எதுவுமில்லை, மெலிந்த இடமும் தடிப்புதான். பெயருக்கு இரண்டும் கனத்த செரிஃப், அச்சில் நடந்துகொள்வது வேறு வேறு.

கட்டிங்மாஸ்டர்

வேறு வேறு என்பதை மில்லிமீட்டரில் சொன்னால்தான் வாடிக்கையாளருக்கு ஏறும்.

ஃபேட் ஃபேஸ் மெல்லிழை 20 அலகு, பெரிய எழுத்து உயரம் 700 என்று வைப்போம். 100 மில்லிமீட்டர் உயர எழுத்தை வினைலில் வெட்டினால் மெல்லிழை 2.9 மில்லிமீட்டர், தாங்கும். அதே எழுத்து 50 மில்லிமீட்டர் என்றால் 1.4. தேவையில்லாத வினைலை உரிக்கும்போது மெல்லிழையும் கூடவே கிளம்பி வரும். ஒட்டிய பிறகும் வெயிலில் முதலில் சுருள்வது அந்த இழைதான்.

கூப்பர் வகையில் மெலிந்த இடம் 60 என்றால் 50 மில்லிமீட்டருக்கே 4.3 வருகிறது. முனையும் உருண்டை, பிளேடு மூலையில் நின்று திரும்பவேண்டிய வேலை இல்லை. கூர்மூலையில்தான் வினைல் முதலில் தூக்கும்.

அக்ரிலிக் பெட்டி எழுத்தில் எல்ஈடி வைக்கவும் அப்படியே. ஃபேட் ஃபேஸ் மெல்லிழைக்குள் மாட்யூல் நுழையாது. தண்டு எரியும், இழை இருட்டு. இரவில் பெரிய என் இரண்டு தனிக் கம்பமாக நிற்கும்.

சிஎஸ்எஸ்_சித்தன்

ஆனால் திரையில், 80 பிக்சலுக்கு மேல், ஃபேட் ஃபேஸ் அழகுக்கு முன்னால் கூப்பர் பொம்மைக்கடை மாதிரி இருக்கிறது. நகை, பட்டுப்புடவை, வாசனைத் திரவியம் எதற்காவது கூப்பர் போடுவீர்களா?

ஈயஎழுத்து

போடமாட்டேன். ஆனால் ஈஸிஜெட் விமானத்தின் மேல் இருப்பது கூப்பர் பிளாக்தான். மலிவு, பயப்படாதே, ஏறு என்று சொல்ல அது போதும். சொல்லவேண்டியது எது என்பதைப் பொறுத்தது. இந்தச் சண்டையை இங்கே முடித்துக்கொள்வோம், மைத்தொட்டி வேலை நிற்கிறது.

மைத்தொட்டி

நன்றி. நாலு எழுத்தும் மறுபடி வரைந்தேன், என், ஓ இரண்டும் ஒத்துப்போகின்றன. இப்போது இடைவெளி. மெட்ரிக்ஸ் விண்டோவில் ஆட்டோ கொடுத்தால் சொல் முழுக்கச் சிதறுகிறது. எல்லாவற்றுக்கும் 10 என்று வைத்தால் ஓ-வும் ஓ-வும் தள்ளி, என்-னும் என்-னும் ஒட்டிக் கிடக்கின்றன.

வளைகோடு

ஒரே எண் எப்போதும் வராது. என்-னில் தொடங்குங்கள்.

என்-னின் இரு தண்டுக்கு நடுவே 140 வைத்திருப்பீர்கள். இரு பக்கமும் உள்செரிஃப் 35 நீட்டியதால் காலுக்கும் காலுக்கும் நடுவே 70. வெளிப்பக்கமும் 35 நீட்டல், அதற்கப்பால் பக்க இடம் 20. ஆக என்-னின் மொத்த அகலம் 20, 35, 195, 140, 195, 35, 20. கூட்டினால் 640.

இரண்டு என் அடுத்தடுத்து வந்தால் தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே 35, 20, 20, 35, மொத்தம் 110. உள்ளே 140, வெளியே 110. தலைப்புக்கு இந்த அளவு இறுக்கம் சரி. பத்திக்கு வைக்கும் எழுத்தானால் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வேண்டும்.

ஓ-வுக்கு, என் தண்டிலிருந்து அளந்த 55-இல் பாதி, 27. பிறகு என், ஓ மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள்: என்என்ஓஎன்ஓஓஎன். கண்ணை அரைக்கண்ணாக்கி எங்கே கறுப்பு கூடுகிறது என்று பார்த்து 2, 3 அலகாக நகர்த்துங்கள். 20-ம் 27-ம் வேதமில்லை, தொடக்கம்.

கர்னிங், அதாவது குறிப்பிட்ட இரண்டு எழுத்து ஜோடிக்கு மட்டும் இடைவெளி திருத்துவது, அதற்கப்புறம்தான். பக்க இடம் தப்பாக இருந்தால் நூறு ஜோடி கர்ன் செய்தாலும் தீராது. வகுப்பு வைத்துச் செய்யுங்கள்: ஓ, சி, க்யூ இடப்பக்கம் ஒரு வகுப்பு, ஓ, டி (D) வலப்பக்கம் இன்னொன்று. பெரிய டி-க்குப் (T) பின் சின்ன ஓ, ஏவி, எல்டி (LT), மேற்கோள் குறிக்குப் பின் ஏ, இவைதான் கத்தும் ஜோடிகள். கனத்த எழுத்தில் இரண்டு கறுப்பு மூலை முட்டிக்கொள்ளும் ஜோடிகளையும் தேடுங்கள். ஆர்-க்குப் பின் என், எஃப்-க்குப் பின் மேற்கோள் குறி. அங்கே கர்ன் கூட்டல் எண்ணாக வரும், கழித்தல் இல்லை.

ஈயஎழுத்து

ஓர் இடைச்செருகல். ஈயத்தில் இந்த இறுக்கம் முடியாத காரியம். எழுத்து உட்கார்ந்திருக்கும் ஈயக்கட்டைக்கு ஓர் அகலம் உண்டு, அடுத்த கட்டை அதற்குள் போகாது. வேண்டுமென்றால் கட்டையை அறுக்கவேண்டும். 60, 70-களில் புகைப்பட எழுத்துக்கோர்ப்பும் லெட்ராசெட்டும் வந்தபிறகுதான் கூப்பரை ஒட்டி ஒட்டி, மேலேறி உட்காரவைத்து அடித்தார்கள். நாம் கூப்பர் சாயல் என்று நினைப்பது பாதி 1922, பாதி அந்த ஒட்டல்.

ஒற்றெழுத்து

தாமதமாக வருகிறேன். மைத்தொட்டி, இதற்குத் தமிழும் சேர்க்கிற எண்ணம் உண்டா? இருமொழிச் சுவரொட்டியில் இந்த மாதிரி எழுத்து பக்கத்தில் தமிழ் எப்போதும் இளைத்துப்போய் நிற்கும்.

மைத்தொட்டி

உண்டு. ப, ம, ல, ர வரைந்து பார்த்தேன். தமிழ் எழுத்துக்கும் அதே மழுங்கல் செரிஃப் வைத்தால் குடும்பமாகத் தெரியும் என்று நினைத்தேன். கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது.

ஒற்றெழுத்து

செரிஃபை எடுத்துவிடுங்கள். காரணம் மரபு மட்டுமில்லை.

கால் என்கிற துணைக்குறியை எடுங்கள், கா-வில் வருவது. அதன் அடியில் செரிஃப் வைத்துப் பாருங்கள். வலப்பக்கம் கொஞ்சம் நீட்டியதும் பாதி ர ஆகிவிடுகிறது. ர-வையும் காலையும் பிரிக்கிற அடையாளமே அந்த அடிவால்தான். "காரம்" என்று எழுதி, கண் சுருக்கிப் பார்த்தால் புரியும். ப-வின் மேல்முனைகளில் செரிஃப் வைத்தால், பி-யின் வளைவு எங்கிருந்து கிளம்பும்? வலது முனையில் ஏற்கெனவே ஒரு திண்டு உட்கார்ந்திருக்கும்.

குடும்ப ஒற்றுமை வேண்டுமென்றால் மழுங்கலையும், முனை புடைப்பையும், மொத்தக் கறுப்பையும் மட்டும் கடன் வாங்குங்கள்.

வளைகோடு

முழுக்க ஏற்கிறேன். கறுப்பு என்று வந்ததும் ஒரு கேள்வி: தண்டு 195 தமிழில் நிற்குமா?

ஒற்றெழுத்து

ப, ட-வில் நிற்கும். ண-வில் நிற்காது. ஆனால் ண பக்கவாட்டில்தான் நெரிசல், அகலத்தைக் கொடுத்துச் சமாளிக்கலாம். சுழிகளின் கோடு 130 வரை இறங்கட்டும், கடைசித் தண்டு மட்டும் 175. பக்கத்தில் ப நின்றால் யாருக்கும் தெரியாது.

உண்மையான தொல்லை இ, ஐ, ஞ, ஜ. இவற்றில் நெரிசல் மேல்கீழ் அடுக்கில், அகலம் கொடுத்தாலும் பயனில்லை. ஆங்கில ஈ-க்கு வளைகோடு போட்டாரே ஒரு கணக்கு, 85, 60, 105 என்று, அதே புத்திதான் தமிழ் இ-க்கும். உள்ளே சுருளும் கோட்டை 70-க்கு இறக்குங்கள், வெளிவளைவில் கறுப்பை வையுங்கள்.

ஆகவே வரையும்போது முதல் நாலு எழுத்தில் இ கட்டாயம். ப, ம, ல, ர வரைந்து கனத்தை முடிவு செய்துவிட்டு, கடைசியில் இ-க்கு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும். என்னைக் கேட்டால் ப, க, ண, இ.

அடுத்து புள்ளி. ஆங்கிலச் சின்ன ஐ-யின் தலைப்புள்ளி தண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, 215, 220 இருக்கும். அதே புள்ளியைத் தூக்கி க் தலையில் வைத்தால் பாறாங்கல். தமிழ்ச் சொல்லில் புள்ளி அடிக்கடி வரும், "கற்பித்தல்" என்பதிலேயே மூன்று. 150, 160-க்குள் வையுங்கள். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே குறைந்தது 50 விடுங்கள், இல்லாவிட்டால் மறுபதிப்பில் ஒட்டும்.

கட்டிங்மாஸ்டர்

சொந்தமாக வரையும் பொறுமை இல்லாதவர்களுக்கு: கூப்பர் பக்கத்தில் பலூ தம்பி 2, எக்ஸ்ட்ராபோல்டு. ஏக் டைப் வெளியிட்டது, ஓஎஃப்எல் என்ற இலவசத் திறந்த உரிமம். செரிஃப் இல்லை, ஆனால் உருண்டையும் கனமும் ஒத்துப்போகும். காய்னியும் உண்டு, அது இன்னும் குண்டு.

ஒற்றெழுத்து

ஃபேட் ஃபேஸ் பக்கத்தில் பலூ போடாதீர்கள், பொருந்தாது. அங்கே நோட்டோ செரிஃப் தமிழின் பிளாக் கனத்தைப் பாருங்கள்.

எதைப் போட்டாலும் இரண்டுக்கும் ஒரே புள்ளி அளவு கொடுக்காதீர்கள். தமிழின் ப உயரத்தை ஆங்கிலச் சின்ன எழுத்து உயரத்தோடு ஒப்பிட்டு, அதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வரும்படி அளவை மாற்றுங்கள். வரி இடைவெளியும் தனித்தனி. கூப்பருக்குக் கீழ்வால் குட்டை, எழுத்தளவுக்குச் சமமாகவே வரி அடுக்கலாம். தமிழில் மேலே கி, கீ-யின் கொக்கி, கீழே கு, மூ-வின் வால். 1.2-க்குக் கீழே போனால் மேல்வரி வாலும் கீழ்வரிக் கொக்கியும் பின்னிக்கொள்ளும்.

சிஎஸ்எஸ்_சித்தன்

எழுத்திடைவெளி பற்றியும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத் தலைப்பை இறுக்கக் கழித்தல் 20 கொடுத்தால் அதே பாணி தமிழுக்கும் போய்விடுகிறது.

ஒற்றெழுத்து

தமிழுக்குச் சுழியம். இறுக்கினால் கனத்த எழுத்தில் கால் போய் அடுத்த எழுத்தின் மேல் ஏறும். யூனிகோடு இல்லாத பழைய பாமினி வகை எழுத்துருவில் இன்னும் மோசம். அங்கே கொ என்பது மூன்று தனி உரு, இடைவெளி கூட்டினால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் பிரிந்து நிற்கும்.

கட்டிங்மாஸ்டர்

ஆஃப்செட் ஆட்களுக்கு ஒரு வரி. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து விடும்போது பின்னணியை நாலு நிறமும் கலந்த கறுப்பாக வைக்காதீர்கள். 24 புள்ளி என்றால் எழுத்தின் 1000 அலகுச் சதுரம் 8.47 மில்லிமீட்டர். 20 அலகு மெல்லிழை 0.17 மில்லிமீட்டர். தகடு 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே இழையில் பாதிக்கு மேல் வேறு நிறம் ஏறிவிடும். 72 புள்ளியில் அதே இழை 0.5, பரவாயில்லை. கூப்பர் வகையில் 60 அலகு என்பதால் 24 புள்ளியிலேயே 0.5 கிடைக்கிறது. சின்ன அளவில் வெள்ளை எழுத்து விட்டே ஆகவேண்டும் என்றால் பின்னணி ஒற்றைக் கறுப்பு.

சிஎஸ்எஸ்_சித்தன்

உரிமம் பற்றி யாரும் பேசவில்லை. ஆபீஸோடு வருகிற கூப்பர் பிளாக்கை வைத்து ஆவணம் அடிக்கலாம். அந்தக் கோப்பையே வலைத்தளத்தில் ஏற்றிப் பரிமாற முடியாது, வலைக்குத் தனி உரிமம் வாங்கவேண்டும். செலவில்லாமல் அந்தச் சாயல் வேண்டுமென்றால் ஃபிராவ்ன்சஸ். அண்டர்கேஸ் டைப் செய்த மாறும் எழுத்துரு, அதாவது ஒரே கோப்பில் பல அளவுகோல்களை (இவற்றுக்கு அச்சு என்று பெயர்) நகர்த்தி உருவத்தை மாற்றலாம். விண்ட்சர், சுவனீர், கூப்பர் ஆகிய எழுத்துருக்களின் வழிவந்த சாயல், ஓஎஃப்எல். கனம் 100 முதல் 900, அளவு அச்சு 9 முதல் 144. கூடவே சாஃப்ட் என்ற அச்சு 0 முதல் 100. கனம் 900, சாஃப்ட் 100, அளவு 144 வைத்தால் கிட்டத்தட்டக் கூப்பர் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. வோங்க் என்று இன்னொன்று இருக்கிறது, அதை 1 ஆக்கினால் என், எம், ஹெச் சாய்ந்து கோணங்கி காட்டும். கடைப் பெயருக்கு 0 போதும்.

கூகுளிடமிருந்து கேட்கும்போது இந்த அச்சுகளின் பெயரையும் முகவரியில் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் சாஃப்ட் 100 என்று எத்தனை முறை எழுதினாலும் எழுத்து அசையாது.

மைத்தொட்டி

ஈ-யை 85, 60, 105 என்று வரைந்து 72 புள்ளியில் அச்சிட்டேன். கண் திறந்துவிட்டது. ஆனால் எழுத்து முழுவதும் முன்னால் கவிழ்ந்து விழுவது போல் இருக்கிறது. நடுக்கோடு நேர்ப்படுக்கை, வாய் 148.

வளைகோடு

கீழ்வளைவின் வால் எங்கே முடிகிறது? மேல் கிண்ணத்தின் வலது விளிம்புக்கு உள்ளேயே நின்றுவிட்டால் கவிழத்தான் செய்யும். வாலை அந்த விளிம்புக்கு நேராகவோ 5 அலகு வெளியேயோ கொண்டுவாருங்கள். கறுப்பின் குவியலை இடப்பக்கத்தின் நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் கீழே, 240 உயரத்துக்கு இறக்குங்கள்.

அதற்கப்புறம் எலிமென்ட் மெனுவில் ஆட் எக்ஸ்ட்ரீமா (வளைவின் உச்சிகளில் புள்ளி வைப்பது) கொடுத்துவிட்டு, உச்சிப் புள்ளிகள் நகர்ந்துவிட்டனவா என்று கையால் ஒருமுறை பாருங்கள். ஓவர்லாப் நீக்குவது, அதாவது ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை ஒரே உருவாக்குவது, கடைசியில். இப்போதே நீக்கினால் நாளைக்கு நடுக்கோட்டை 5 அலகு ஏற்ற நினைத்தாலும் முடியாது.

மைத்தொட்டி

வால் 18 அலகு உள்ளே இருந்தது. வெளியே இழுத்ததும் நிமிர்ந்துவிட்டது. அடுத்து இ.

ஒற்றெழுத்து

இ முடிந்ததும் படம் போடுங்கள். சுருளை 70-க்கு இறக்குவதற்கு முன்னும் பின்னும், இரண்டும்.